பினாங்கு ஈரக்காற்றில் மர வில்: எந்த மரம், எந்தப் பக்கம், எவ்வளவு காயவேண்டும்

வில்லுக்கு எந்த மரம் நல்லது என்று தேடினால் இரண்டு பெயர்கள்தான் முதலில் வந்து நிற்கும். ஐரோப்பாவின் யூ மரம், அமெரிக்காவின் ஒசேஜ் ஆரஞ்சு. இரண்டும் நம் ஊரில் வளர்வதில்லை. பணம் கட்டி வரவழைத்தாலும் சிக்கல் தீராது. மலேசியாவின் பினாங்கில் காற்றின் ஈரப்பதம் பெரும்பாலான நாள்களில் 80 விழுக்காட்டை ஒட்டியே இருக்கும். குளிர்நாட்டுக்காரர்கள் அவர்கள் ஊர்க் காற்றில் வளைத்துப் பார்த்து எழுதிவைத்த தர வரிசை இங்கே அப்படியே செல்லாது.

நம் மாநிலத்தின் பெயரே ஒரு மரம். பினாங் என்றால் பாக்கு. தீவில் ஜெலுத்தோங் என்ற ஊருக்கு ஒரு மரத்தின் பெயர். நான் பிறந்த நிபோங் திபாலில் உள்ள நிபோங் ஒரு பனை வகை. இப்படி மரங்களின் பெயரில் குடியிருக்கும் நாம் வில் செய்ய வெளிநாட்டுப் பலகைக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. மரக்கடையிலும் பிரம்புக் கடையிலும் கொல்லைப்புறத்திலும் கிடைப்பதை எப்படி ஒப்பிடுவது, எப்படிச் சோதிப்பது, எதை எதோடு சேர்ப்பது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

படி 1: வில் மரத்திடம் கேட்பது என்ன

வில்லை இழுக்கும்போது இலக்கைப் பார்க்கும் பக்கம் இழுபடும். உங்களைப் பார்க்கும் பக்கம் நசுங்கும். முதலாவது முதுகு, இரண்டாவது வயிறு. முதுகு தாங்காவிட்டால் வில் வெடித்து முறியும். வயிறு தாங்காவிட்டால் நாணைக் கழற்றிய பிறகும் வில் நிமிராது, கூன் விழுந்தபடியே கிடக்கும். கூன் விழுந்த வில் முறியாமல் இருக்கலாம், ஆனால் அம்பை உந்தும் வேகம் போய்விடும்.

யூ மரத்துக்குப் புகழ் வந்தது இதனால்தான். பட்டையை ஒட்டிய அதன் வெளிறு இழுபடுவதைத் தாங்கும், உள்ளே இருக்கும் கெட்டியான வைரம் நசுங்குவதைத் தாங்கும். ஒரே கட்டையில் இரண்டும் அடுத்தடுத்து இருப்பதால் இயற்கையே ஒட்டிக் கொடுத்த வில் மாதிரி. 1545இல் மூழ்கி 1982இல் கடலுக்கடியிலிருந்து தூக்கப்பட்ட இங்கிலாந்தின் மேரி ரோஸ் கப்பலில் 137 முழு வில்கள் கிடைத்தன. எல்லாம் யூ.

மரத்தின் கனத்தை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். பார்க்கவேண்டியது இரண்டு எண்கள்: முறியும் வலிமை, விறைப்பு. முதலாவதை இரண்டாவதால் வகுத்தால், அந்த மரம் முறிவதற்கு முன் எவ்வளவு வளைந்து கொடுக்கும் என்று தோராயமாகத் தெரியும். யூவுக்கு வலிமை சுமார் 100 மெகாபாஸ்கல், விறைப்பு அதே அலகில் சுமார் 10,000. வகுத்தால் 1 விழுக்காடு. ஒசேஜ் ஆரஞ்சு அதைவிடச் சற்று மேலே, 1.1. அமெரிக்காவின் இன்னொரு மரமான ஹிக்கரி 0.9. நம் நாட்டுக் கனமரமான செங்காலுக்கு வலிமை சுமார் 149, விறைப்பு 19,600. வலிமையில் யூவை மிஞ்சுகிறது, ஆனால் வகுத்தால் 0.76தான் வருகிறது. அதாவது செங்கால் பலமானது, கூடவே பிடிவாதமானது. அதை மெல்லியதாகவும் நீளமாகவும் செய்தால்தான் ஒத்துழைக்கும்.

இன்னொரு கணக்கு. அகலத்தை இரட்டிப்பாக்கினால் வில்லின் விறைப்பு இரண்டு மடங்கு. தடிமனை இரட்டிப்பாக்கினால் எட்டு மடங்கு. தடிமன் 10 விழுக்காடு கூடினாலே விறைப்பு 33 விழுக்காடு கூடிவிடும். அதனால்தான் கடைசி நேரத்தில் ஒரு மில்லிமீட்டர் சீவுவது வில்லையே மாற்றிவிடுகிறது.

படி 2: வைரம் உள்ளேயா, வெளியேயா

தொல்காப்பியத்தின் மரபியல் தாவரங்களை இரண்டாகப் பிரிக்கிறது. வெளிப்புறம் கெட்டியாக இருப்பது புல், உட்புறம் கெட்டியாக இருப்பது மரம். புறக்காழ், அகக்காழ் என்பவை அதன் சொற்கள். மூங்கில், பனை, பாக்கு, பிரம்பு எல்லாம் புறக்காழ். செங்கால், கொய்யா, தேக்கு எல்லாம் அகக்காழ்.

நான் பார்த்த வரையில் வில் மரங்களைப் பிரிக்க இதைவிட நல்ல வழி இல்லை. மூங்கிலை அறுத்து அதன் குறுக்குவெட்டைப் பாருங்கள். தோலுக்கு அருகே கறுப்புப் புள்ளிகள் நெருக்கமாக, உள்ளே போகப் போக இடைவெளி விட்டு இருக்கும். அந்தப் புள்ளிகள்தான் நார்க்கட்டுகள். முதுகில் இழுபடப்போகும் இடத்தில் நார் நெருக்கமாக வேண்டும், மூங்கிலில் அது இயல்பாகவே அங்கே இருக்கிறது. நசுங்கும் வயிற்றுக்கு அடர்த்தியான வைரம் வேண்டும், அது மரத்தில் உள்ளே இருக்கிறது. ஆக முதுகுக்குப் புறக்காழ், வயிற்றுக்கு அகக்காழ். நான் கடைசியில் வந்து நின்ற இடம் இதுதான், கீழே உள்ள ஒப்பீடு முழுவதும் இதை வைத்தே போகிறது.

படி 3: மரங்களை வரிசையில் நிறுத்துவோம்

வெளிநாட்டு மரங்களைச் சுருக்கமாக முடித்துவிடலாம். ஒசேஜ் ஆரஞ்சு நம் ஈரத்தையும் ஓரளவு பொறுத்துக்கொள்ளும், ஆனால் நல்ல கட்டை கிடைப்பது அரிது. ஹிக்கரி முறிவதே இல்லை என்று பெயர் வாங்கியது, வறண்ட ஊர்களில் அருமையான மரம். நம் காற்றில் அது ஈரத்தை உறிஞ்சிச் சோர்ந்துபோகும். மழைக்காலம் முடியும்போது நல்ல ஹிக்கரி வில்லும் கூனிப்போவதை நான் பார்த்திருக்கிறேன். ஆஷ், எல்ம் இரண்டுக்கும் இதே கதை. பிரேசிலின் ஈப்பே மட்டும் விதிவிலக்கு. கனமானது, எண்ணெய்ப்பசை உள்ளது, ஈரத்துக்கு அசையாது. வெளிப்புறத் தரைப்பலகையாக எங்காவது துண்டு கிடைத்தால் விடாதீர்கள்.

இப்போது நம் மரங்கள்.

செங்கால்: காய்ந்த நிலையில் ஒரு கனமீட்டர் 915 முதல் 980 கிலோ. கரையான் தொடாது. ஜார்ஜ்டவுனில் பழைய கடைவீடுகளைப் புதுப்பிக்கும்போது கழற்றும் உத்திரங்களில் இது கிடைக்கும். எத்தனையோ ஆண்டுகள் கூரைக்கடியில் காய்ந்த மரம், அது ஒரு வரம். ஆனால் ஆணித் துளையும் அதைச் சுற்றிய கறுப்புக் கறையும் இருந்தால் அந்தப் பகுதியை ஒதுக்கிவிடுங்கள். வயிற்றுக்கு என் முதல் தேர்வு செங்கால்தான்.

பாலாவ்: செங்காலுக்கு இணையான விறைப்பு, சில துண்டுகள் ஒரு கனமீட்டருக்கு ஆயிரம் கிலோவையும் தாண்டும். நார் பின்னிக்கொண்டு போவது அதிகம் என்பதால் பத்துப் பலகையில் ஒன்றுதான் தேறும். தேறினால் செங்காலுக்குப் பக்கத்திலேயே வைக்கலாம்.

மெர்பாவ்: படிக்கட்டுக்கும் தரைக்கும் போடும் மரம், எளிதில் கிடைக்கும். விறைப்பு குறைவு, சற்று உடையும் குணம். அதன் சாயம் தண்ணீரில் கரைந்து சட்டையில் பட்டால் போகாது. மூங்கில் முதுகு போட்டால் சுமாரான வில் வரும், தனி மரமாக வேண்டாம்.

கெம்பாஸ்: கையில் எடுத்தால் கனமும் கெட்டியும் ஆசையைத் தூண்டும். இதன் உள்ளே பட்டைத் திசு கோடு கோடாகப் புதைந்திருக்கும், அந்த இடங்களில் மரம் பிரியும். என் இரண்டாவது வில் கெம்பாஸ். பலகையின் முகத்தில் நார் நூல் பிடித்தாற்போல நேராக இருந்தது. விளிம்பை நான் பார்க்கவில்லை. 24 அங்குலம் இழுக்கும்போது வில்லின் மேல்கை, அதாவது கைப்பிடிக்கு மேலுள்ள பாதி, முறிந்து நெற்றியை உரசிப் போனது. பிறகு உடைந்த துண்டைப் பார்த்தால், விளிம்பில் நார் ஒரு சாண் தூரத்துக்குள்ளேயே முதுகிலிருந்து வயிற்றுக்கு இறங்கியிருந்தது. அன்றிலிருந்து கண்ணாடி போடாமல் எந்த வில்லையும் இழுப்பதில்லை.

ரப்பர் மரம்: தோட்டத்துப் பிள்ளைகளான நமக்கு இதன்மேல் ஒரு பாசம் உண்டு, எனக்கும் உண்டு. ஆனாலும் உள்ளதைச் சொல்ல வேண்டும். அடர்த்தி 560 முதல் 640 கிலோதான், வயிறு எளிதில் நசுங்கும். மாவுச்சத்து அதிகம் என்பதால் துளைப்பூச்சி விரைவாக வரும். மேசை நாற்காலிக்கு நல்ல மரம், வில்லுக்கு வேண்டாம்.

தேக்கு ஈரத்துக்கு அசையாது, ஆனால் இழுவையில் சட்டென்று முறியும். மூங்கில் முதுகோடு மென்மையான சிறுவர் வில் செய்யலாம். மெராந்தி வில்லுக்கு வலுப் போதாது. ஜெலுத்தோங் பென்சிலுக்கும் அச்சு வார்ப்புக்கும் உரிய மென்மரம், வில்லில் கைப்பிடிக்கு மேலே ஒட்டும் திண்டாக வேண்டுமானால் பயன்படும்.

கொய்யா: கொல்லையில் நிற்பதை யாரும் மதிப்பதில்லை. உண்டிவில்லுக்குக் கொய்யாக் கவட்டையைத் தேடிப்போன பிள்ளைகள் சும்மா போகவில்லை. இறுக்கமான நார், நன்றாக வளையும், எளிதில் பிளவாது. நேரான, மூன்று விரல் தடிமனுள்ள கிளை 170 செ.மீ. நீளத்தில் கிடைப்பதுதான் கடினம். கிடைத்தால் பட்டையை மட்டும் உரித்து, அதற்கடியிலுள்ள பரப்பைக் கீறாமல் அப்படியே முதுகாக வையுங்கள். மூங்கில் ஒட்டாமல் தனி மரத்தில் வில் செய்ய இங்கே நான் பரிந்துரைக்கும் ஒரே மரம் இதுதான்.

ஓர் எச்சரிக்கை. சிவப்பில் கருங்கோடு ஓடும் மிக அழகான பலகை ஒன்று கண்ணில் பட்டால் ரெங்காஸா என்று கேளுங்கள். அதன் பால் தோலில் பட்டால் கொப்புளம் கிளம்பும், தூள்கூட ஒத்துக்கொள்ளாது. அழகுக்காக அதை அறுக்க வேண்டாம்.

புறக்காழ்ப் பக்கம் வருவோம்.

மூங்கில்: முதுகுக்கு இதற்கு மாற்று இல்லை. மலாயில் பெத்தோங் எனப்படும் பெரிய மூங்கிலின் சுவர் தடிமனானது, விட்டமும் பெரியது, அதனால் பட்டை எடுத்தால் தட்டையாக வரும். குறைந்தது மூன்று வயதான கழி வேண்டும். இளசு சுருங்கிப் போகும். பெரியவர்கள் தேய்பிறையில் வெட்டு என்பார்கள். எப்போது வெட்டினாலும் மாவுச்சத்து இருக்கும் வரை துளைப்பூச்சி விடாது. அடியில் மாவு மாதிரி தூள் கொட்டிக்கிடந்தால் பூச்சி ஏற்கெனவே உள்ளே இருக்கிறது என்று பொருள். பிளந்த பட்டைகளைப் போராக்ஸும் போரிக் அமிலமும் கரைத்த நீரில் ஊறவைத்துக் காயவைப்பது நல்ல வழி. ஜப்பானின் யூமி வில் இரண்டு மீட்டருக்கும் மேல் உயரம், அதன் முதுகும் வயிறும் மூங்கில்தான். அதாவது மூங்கிலைக் காய்ச்சிப் பதப்படுத்தினால் நசுங்குவதையும் ஓரளவு தாங்கும்.

நிபோங்: கடலில் கேலோங் எனப்படும் மீன்பிடிப் பட்டி நடுவதற்கு இதன் தண்டைத்தான் பயன்படுத்தினார்கள். உப்புத்தண்ணீரில் நின்றும் உழைக்கும் மரம். தண்டின் வெளி ஓடு கருத்து இறுகி இருக்கும், நடுவில் மென்மையான சோறு. ஓட்டைப் பிளந்து எடுத்த சட்டத்தில் வில் செய்யலாம். பாப்புவா நியூகினியில் கரும்பனை ஓட்டில் வில் செய்வது இன்றும் வழக்கம். கவனிக்க வேண்டியது ஒன்று: பனை வகையில் நார்கள் தனித்தனிக் கம்பிகளாகச் சோற்றுக்குள் பதிந்திருக்கும். ஒரு கம்பியை அறுத்துவிட்டால் அது சிலாம்பாகக் கிளம்பும், கையில் ஏறினால் சீழ் பிடிக்கும். முதுகில் மெல்லிய துணி ஒட்டுவது அவசியம். பாக்கு மரமும் இதே இனம், ஓடு மெல்லியது. முதிர்ந்து தானாக விழுந்த மரத்திலிருந்து எடுத்தால் சிறுவர் வில்லுக்குப் போதும்.

பிரம்பு: இதுவரை ஒரு வில்லும் செய்யாதவர் இதில் தொடங்கலாம். ரோத்தான் மானாவ் என்ற தடித்த வகையில் 3 செ.மீ. விட்டமுள்ள நேரான கழி, 170 செ.மீ. நீளம். முறியாது, கணுவில் வம்பு செய்யாது, தவறாகச் சீவினாலும் மன்னித்துவிடும். வேகம் குறைவு, கூன் விழும், ஆனால் வளைவைச் சமன்செய்யக் கை பழகுவதற்கு இதைப் போல ஆசான் கிடையாது.

காட்டில் போய் வெட்டும் எண்ணம் வேண்டாம். 1984ஆம் ஆண்டின் தேசிய வனச் சட்டப்படி காட்டுக்குள் மரம் மட்டுமல்ல, மூங்கிலும் பிரம்பும்கூட உரிமம் இல்லாமல் எடுக்கக்கூடாது. கடையில் வாங்குங்கள், அல்லது சொந்த நிலத்தில் உள்ளதை எடுங்கள்.

படி 4: கடையில் பலகையைத் தேர்ந்தெடுப்பது

வெளிநாட்டு வழிகாட்டிகள் எல்லாம் ஆண்டு வளையத்தைப் பின்தொடர்ந்து முதுகைச் சீவச் சொல்லும். நமக்குக் குளிர்காலம் இல்லை, அதனால் நம் மரங்கள் பெரும்பாலானவற்றில் தெளிவான வளையமே கிடையாது. தேக்கு போன்ற இலையுதிர்ப்பவற்றில் மட்டும் தெரியும். ஆகவே வளையத்தை விடுங்கள், நாரைத் தேடுங்கள்.

பெரியப்பா தோட்டத்தில் தச்சு வேலை பார்த்தவர். முதல் தடவை அவரை மரக்கடைக்கு அழைத்துப் போனபோது நான் பலகையின் நிறத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் பாக்கெட்டிலிருந்து ஊற்றுப்பேனாவை எடுத்து, பலகையின் முகத்தில் ஒரு சொட்டு, விளிம்பில் ஒரு சொட்டு மை வைத்தார். "தம்பி, இப்ப பாரு, அதுவே வழி காட்டும்." மை நார் ஓடும் திசையில் மெல்லிய கோடாக இழுத்துக்கொண்டு போனது. முகத்தில் நேராகப் போன கோடு, விளிம்பில் சாய்ந்து போனது. "இது கதவுக்குச் சரி, உன் வில்லுக்கு ஆகாது" என்று வைத்துவிட்டார்.

இந்த மைச் சோதனையை நான்கு பக்கமும் செய்யுங்கள். என் வரம்பு 30 செ.மீ. நீளத்துக்கு 1 செ.மீ. சாய்வு. அதற்கு மேல் சாய்ந்தால் அந்தப் பலகை எனக்கு வேண்டாம். வாங்கும் முன் ஓரத்துத் துண்டு கிடைத்தால் பாராங் கத்தியை வைத்துத் தட்டிப் பிளந்து பாருங்கள். பிளவு பரப்பு திருகிக்கொண்டு போனால் நார் பின்னியிருக்கிறது. பெயரளவில் உயர்ந்த மரத்தில் நார் கோணலாக இருப்பதைவிட, சாதாரண மரத்தில் நேராக இருப்பது எவ்வளவோ மேல்.

படி 5: மரத்தைக் காயவைத்தல்

இந்தப் படியை அவசரப்படுத்தியவர்கள்தான் பிறகு மரத்தைக் குறை சொல்கிறார்கள்.

மரம் காற்றிலுள்ள ஈரத்துக்கு ஏற்பத் தன் ஈரத்தை வைத்துக்கொள்ளும். 27 பாகை வெப்பம், 80 விழுக்காடு ஈரப்பதம் உள்ள காற்றில் மரத்துக்குள் சுமார் 16 விழுக்காடு ஈரம் நிற்கும். எத்தனை ஆண்டுகள் வைத்தாலும் அதற்குக் கீழே இறங்காது. வில்லுக்கு வேண்டியது 8 முதல் 10 விழுக்காடு. 12ஐத் தாண்டினால் வயிறு நசுங்கிக் கூன் விழும். 6க்குக் கீழே போனால் முதுகு கண்ணாடி மாதிரி உடையும். ஆக "பத்து ஆண்டு காய்ந்த மரம்" என்று கடைக்காரர் சொன்னாலும், நம் ஊரில் அது வில்லுக்குக் காய்ந்த மரம் ஆகாது.

இதற்கு ஓர் எளிய வழி இருக்கிறது. வெளிக்காற்றை வெறும் 10 பாகை சூடாக்கினால், அதாவது 27லிருந்து 37க்குக் கொண்டுபோனால், அதே காற்றின் ஈரப்பதம் 80லிருந்து சுமார் 45ஆகக் குறைந்துவிடும். அந்தக் காற்றில் மரத்தின் ஈரம் 8க்கு வந்து நிற்கும். ஒரு நீளமான பலகைப் பெட்டி, அடியில் கோழிக்குஞ்சுக்கு வைக்கும் சூட்டு பல்ப், மேலும் கீழும் சில துளைகள், உள்ளே ஒரு மலிவான ஈரமானி. இவ்வளவுதான். பல்புக்கும் மரத்துக்கும் ஒரு முழம் இடைவெளி விடுங்கள், அட்டைப்பெட்டியில் செய்யாதீர்கள், வீட்டில் ஆள் இல்லாதபோது எரியவிடாதீர்கள். குளிர்சாதன அறையின் ஈரப்பதம் 55 முதல் 60 என்றால் அங்கே மரம் 10 அல்லது 11க்கு வரும், அதுவும் பரவாயில்லை.

பச்சைக் கட்டையை நேரே பெட்டியில் வைத்தால் வெடிக்கும். வெட்டிய அன்றே இரண்டு முனைகளிலும் மெழுகோ தடிப்பான பெயின்ட்டோ பூசி, நிழலில் இரண்டு மூன்று மாதம் வையுங்கள். அப்புறம் வில்லுக்கு வேண்டிய வடிவில் சற்றுத் தடிமனாகச் சீவிப் பெட்டிக்குள் வையுங்கள். வாரம் ஒருமுறை சமையல் தராசில் எடை போட்டு எழுதி வையுங்கள். இரண்டு வாரம் தொடர்ந்து எடை மாறாவிட்டால் காய்ந்துவிட்டது.

சரியான எண் வேண்டுமானால் அதே மரத்தில் ஒரு சிறு துண்டை வெட்டி எடை போட்டு, அடுப்பு ஓவனில் 103 பாகையில் எடை இறங்குவது நிற்கும் வரை வைத்து, மறுபடி எடை போடுங்கள். முதலில் 57.5 கிராம், பிறகு 50 கிராம் என்றால், குறைந்தது 7.5. அதை 50ஆல் வகுத்தால் 15 விழுக்காடு. இந்தத் துண்டு உங்கள் மரத்தைப் பற்றி எந்தக் கடைக்காரரையும்விட உண்மையாகப் பேசும்.

படி 6: பட்டைச் சோதனை

எந்த மரம் நல்லது என்ற கேள்விக்கு உங்கள் மேசையிலேயே விடை காண ஒரு சோதனை. ஒவ்வொரு மரத்திலிருந்தும் 40 செ.மீ. நீளம், 20 மி.மீ. அகலம், 6 மி.மீ. தடிமனுள்ள பட்டை ஒன்று சீவுங்கள். வெர்னியர் வைத்து அளந்து எல்லாவற்றையும் ஒரே அளவுக்குக் கொண்டுவாருங்கள். தடிமனில் கால் மில்லிமீட்டர் பிசகினாலும் ஒப்பீடு கெட்டுவிடும். எல்லாம் ஒரே பெட்டியில் காய்ந்தவையாக இருக்க வேண்டும்.

முதலில் விறைப்பு. பட்டையை மேசை விளிம்பில் கிளாம்ப் போட்டு 30 செ.மீ. வெளியே நீட்டி, நுனியில் அரைக்கிலோ சீனிப் பொட்டலத்தைத் தொங்கவிடுங்கள். நுனி எவ்வளவு இறங்குகிறது என்று அளவுகோலில் பாருங்கள். கணக்குப்படி செங்கால் 6 மி.மீ. அளவு இறங்கும். யூ இருந்தால் 12. ரப்பர் மரம் 13, 14. கம்மியாக இறங்கினால் விறைப்பு அதிகம்.

அடுத்ததுதான் முக்கியம். தடித்த பிளைவுட்டில் 37.5 செ.மீ. ஆரத்தில் ஒரு வில்வளைவும் 30 செ.மீ. ஆரத்தில் இன்னொன்றும் அறுத்துக்கொள்ளுங்கள். 6 மி.மீ. பட்டையை முதல் வளைவில் அழுத்திப் படியவைத்தால் அதன் மேல்பரப்பு 0.8 விழுக்காடு நீளும். இரண்டாவதில் 1 விழுக்காடு. உண்மையான வில்லில் மரம் படும் பாடு இந்த இரண்டுக்கும் இடையில்தான். கண்ணாடியும் கையுறையும் போட்டு, பட்டையை முதல் வளைவில் ஒரு நிமிடம் அழுத்திப் பிடித்து விடுங்கள். இரும்பு அளவுகோலின்மேல் வைத்து நடுவில் எவ்வளவு கூன் நிற்கிறது என்று பாருங்கள். பிறகு இரண்டாவது வளைவு.

செங்கால், பாலாவ் தனிப் பட்டைகள் இரண்டாவது வளைவில் சில சமயம் முதுகில் விரிசல் விடும், ஆனால் விரியாத வரை கூன் மிகக் குறைவு. ரப்பர் மரம் முதல் வளைவிலேயே கூனிவிடும். கொய்யா இரண்டையும் தாண்டி லேசான கூனோடு நிற்கும். மூங்கிலைத் தோல் வெளியே இருக்குமாறு வளைத்தால் சத்தமே இல்லாமல் வளைந்து திரும்பும். அதே மூங்கிலைத் தோல் உள்ளே இருக்குமாறு திருப்பி வளைத்தால் உட்புறச் சோறு சிலாம்பு கிளம்பி விடும். புறக்காழ் என்றால் என்ன என்பதை என் கை அன்றுதான் புரிந்துகொண்டது.

வளைத்த பட்டைகளின் வயிற்றுப் பக்கத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். முடி விழுந்தது மாதிரி குறுக்கே மெல்லிய கோடு தெரிந்தால் நார் நசுங்கி மடிந்திருக்கிறது. அந்த மரம் வயிற்றுக்கு உதவாது.

படி 7: மரத்துக்கேற்ற வடிவம்

28 அங்குல இழுப்புக்கு, 35 முதல் 40 பவுண்டு வில் என்று வைத்துக்கொள்வோம். தொடக்க அளவுகள் இவை. சீவச் சீவக் குறையும் என்பதால் சற்றுத் தாராளமாகவே தொடங்குங்கள்.

மூங்கில் முதுகும் செங்கால் வயிறும் சேர்ந்த வில்லுக்கு நீளம் 172 செ.மீ., கைப்பிடியை ஒட்டி அகலம் 32 மி.மீ., வில்லின் ஒவ்வொரு கையிலும் பாதி வரை அதே அகலம், பிறகு நுனியில் 11 மி.மீ. வரை குறைத்து வாருங்கள். மொத்தத் தடிமன் கைப்பிடிக்கு அருகே 14 மி.மீ., நுனியில் 10. இதில் மூங்கில் நடுவில் 3 முதல் 4 மி.மீ.க்கு மேல் வேண்டாம். மூங்கில் தடித்தால் வயிற்றை அது நசுக்கிவிடும். ரப்பர் மரத்துக்கு மூங்கில் முதுகு வேண்டாம் என்பதும் இதனால்தான்: பலசாலியையும் நோஞ்சானையும் ஒரே நுகத்தில் பூட்டிய கதையாகும்.

கொய்யாத் தனி வில் அகலமாக, தட்டையாக இருக்கட்டும்: 45 மி.மீ. அகலம், 16 மி.மீ. தடிமன். பிரம்பில் முதுகை அப்படியே உருண்டையாக விட்டு வயிற்றுப் பக்கத்தை மட்டும் தட்டையாகச் சீவுங்கள்.

ஒட்டுவதற்கு இரண்டு பாகம் கலக்கும் எப்பாக்ஸி நம் ஊருக்கு நல்லது. தண்ணீர் கலந்த மரப்பசை மரத்துக்குள் மறுபடி ஈரத்தை ஏற்றும், அதைப் பயன்படுத்தினால் ஒட்டிய பிறகு ஒரு வாரம் காயவைக்கும் பெட்டியில் வைக்க வேண்டும். மூங்கிலின் உட்புறத்தைத் தட்டையாக இழைத்து, இரண்டு பரப்பையும் உப்புத்தாளால் சொரசொரப்பாக்கி, பசை தடவி, பழைய சைக்கிள் டியூபைப் பட்டையாக வெட்டி இறுக்கிச் சுற்றுங்கள். வெளித்தோலில் உள்ள கணு மேட்டை இழைத்துத் தள்ளிவிடாதீர்கள், அங்கேதான் நார் வளைந்து போகிறது.

தனி மர வில்லுக்கும் நிபோங்குக்கும் முதுகில் பட்டுத்துணி ஒட்டலாம். கிழிந்துபோன பட்டுப்புடவையின் உடல்பகுதி போதும். அது பெரிய பலம் சேர்க்காது, ஆனால் சிலாம்பு கிளம்பாமல் பிடித்துக்கொள்ளும்.

படி 8: வளைவைச் சமன்செய்தல்

எந்த மரமானாலும் வயிற்றில் மட்டுமே சீவ வேண்டும். நீளமான தளர்ந்த கயிற்றைக் கட்டி, சுவரில் மாட்டிய தாங்கியில் வில்லை வைத்து, கப்பி வழியாக இரண்டு மீட்டர் தள்ளி நின்று இழுத்துப் பாருங்கள். வளையாமல் விறைத்து நிற்கும் இடத்தில் பென்சிலால் குறியிட்டு அங்கே சீவுங்கள். அதிகமாக வளையும் இடத்தைத் தொடவே கூடாது. ஒவ்வொரு முறை சீவிய பிறகும் இருபது தடவையாவது இழுத்துவிடுங்கள், அப்போதுதான் மரம் புது வளைவைக் காட்டும். நோக்கம் 40 பவுண்டு என்றால் எந்தக் கட்டத்திலும் 40க்கு மேல் இழுக்காதீர்கள். இழைப்புளியில் தொடங்கி, அரத்துக்கு மாறி, கடைசியில் கண்ணாடிச் சில்லால் சுரண்டுங்கள். செங்காலில் கண்ணாடிச் சில்லு சுருள் சுருளாக மெல்லிய இழை எடுக்கும், அந்த நேரத்தில் அவசரமே வரக்கூடாது.

நாண் கழற்றியவுடன் கூனை அளந்துகொள்ளுங்கள். 1 அங்குலத்துக்குள் என்றால் மிக நன்று. 2 அங்குலம் வரை ஏற்கலாம். அதற்கு மேல் போனால் சீவுவதை நிறுத்திவிட்டு மறுபடி காயவைக்கும் பெட்டிக்குள் வையுங்கள். பெரும்பாலும் ஈரம்தான் காரணமாக இருக்கும்.

கொய்யா மாதிரியான வெளிர் மரங்களுக்கு இன்னொரு உதவி உண்டு. வயிற்றுப் பக்கத்தை மட்டும் சூட்டுக்காற்றுக் கருவியால் மெதுவாக, மரம் லேசாகப் பழுப்பேறும் வரை சூடாக்குங்கள். வயிறு இறுகும், ஈரத்தை இழுப்பதும் குறையும். சூடாக்கிய பிறகு மூன்று நான்கு நாள் தொடாமல் விட்டு, அப்புறம் வளையுங்கள். ஒட்டு வில்லில் இதைச் செய்யாதீர்கள், பசை இளகிவிடும்.

படி 9: பூச்சும் பராமரிப்பும்

எண்ணெய் மட்டும் பூசினால் நம் காற்றுக்குப் போதாது. பாலியூரித்தேன் நான்கைந்து மெல்லிய பூச்சு, ஒவ்வொன்றுக்கும் ஒரு நாள் இடைவெளி. நுனியிலும் நாண் பள்ளத்திலும் இன்னொரு பூச்சு கூடுதலாகப் போடுங்கள், மரத்தின் வெட்டுமுகம் அங்கேதான் திறந்திருக்கிறது. எந்தப் பூச்சும் ஈரத்தைத் தடுத்து நிறுத்தாது, தாமதப்படுத்தும்.

எய்து முடித்தவுடன் நாணைக் கழற்றுங்கள். சுவரில் இரண்டு ஆணிகளில் படுக்கையாக வையுங்கள், மூலையில் சாய்த்து வைத்தால் ஒரு பக்கம் திருகும். வெயிலில் நிற்கும் காருக்குள் ஒருபோதும் விடாதீர்கள், ஒட்டு பிரிந்துவிடும்.

பூச்சு காய்ந்த அன்றே வில்லைத் தராசில் வைத்து, எடையைக் கைப்பிடித் தோலுக்கு அடியில் பென்சிலால் எழுதிவிடுங்கள். என் செங்கால் வில்லில் 548 கிராம் என்று எழுதியிருக்கிறது. மாதம் ஒருமுறை எடை போடுவேன். 20 கிராம் கூடியிருந்தால் ஏறத்தாழ 4 விழுக்காடு ஈரம் ஏறியிருக்கிறது. அந்த மாதம் எய்வதில்லை, வில் ஒரு வாரம் பெட்டிக்குள் போகும்.